பெல் அடிக்காத வீடு

முழங்கையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க சார். மடியில இருக்கிறது மீன். இல்லல்ல, குழம்புக்கு இல்ல, வளர்க்கிற மீன். கொளத்தூர்லேர்ந்து வாங்கிட்டு வர்றேன். தூக்கிக் காட்டறேன், பாருங்க. ஆறு இருக்கு. செர்ரி பார்ப்னு பேரு. பேருதான் இங்கிலீஷு, ஆளு நம்ம ஆளு. குளத்துல கெண்டைப்பொடி துள்ளுமே, அதுக்குப் பங்காளி. இலங்கைப் பக்கம் ஓடையில இருக்குமாம். விரல் நீளம்கூட வராது. சாது. யாரையும் கடிக்காது, துரத்தாது, அடுத்தவன் வாயிலேர்ந்து பிடுங்காது. பொறாமைன்னா என்னன்னே இதுக்குத் தெரியாது சார்.

எனக்கும் தெரியாது. அதை முதல்லயே சொல்லிடறேன். எங்க வீட்ல ஜெகதா, என் சம்சாரம், "உங்களுக்கு வயித்தெரிச்சல், வயித்தெரிச்சல்"னு ரெண்டு மாசத்துக்கு மேல ஜபம் பண்ணிக்கிட்டிருக்கா. அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு நிஜமாவே அல்சர் இருக்கு. வயிறு எரிஞ்சா அதுக்கு மாத்திரை போடறேன், அவ்வளவுதான்.

கடைக்காரனே இன்னிக்குக் கேட்டுட்டான். "என்ன சார், மூணாவது வாரமா வர்றீங்க, வாங்கிட்டுப் போறது எல்லாம் செத்துப் போகுதா?"ன்னு. ஒண்ணுகூட சாகலப்பான்னேன். அவன் முழிச்சான். உங்களுக்கும் புரியாது. முதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும். நீங்க எங்க இறங்கணும்? கடைசி ஸ்டாப்பா? சரி, அப்போ நேரம் இருக்கு.

என் பேரு கோதண்டபாணி. தபால் ஆபீஸ்ல முப்பத்து நாலு வருஷம். இப்போ எங்க அபார்ட்மென்ட்ல செகரட்டரி. பன்னெண்டு வீடு. வேற யாரும் எடுத்துக்க மாட்டேன்னாங்க, என் தலையில கட்டிட்டாங்க. கட்டிட்டா நான் ஒழுங்கா செய்வேன். தரைக்கடியில இருக்கிற தண்ணி சம்ப்பு கழுவறதோ, மோட்டார் ரிப்பேரோ, எதுவா இருந்தாலும் கீழ போர்டுல நோட்டீஸ் ஒட்டுவேன். அதோட விட மாட்டேன். வீடு வீடா ஏறி, பெல் அடிச்சு, வாசல்ல நின்னு வாயால சொல்லிட்டு வருவேன். ஏன்னா எங்க பில்டிங்ல ஒருத்தரும் அந்த போர்டைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அதுல போன வருஷத்துப் பொங்கல் கோலப்போட்டி நோட்டீஸ் இன்னும் இருக்கு. அதனால பெல்லுதான் நோட்டீஸு. செகரட்டரி பெல் அடிக்கலன்னா எந்த விசேஷமும் இல்லன்னு அர்த்தம். இது எங்க பில்டிங் பழக்கம்.

இப்போ சகாயத்தைப் பத்திச் சொல்லணும். தேவசகாயம். ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டு. நான் ஸ்டாம்பு கவுன்ட்டர், அவன் ரிஜிஸ்டர் தபால். அடுத்த தெருவுலதான் வீடு. எட்டு வருஷம் முன்னாடி அவன் சம்சாரம் லூர்து போயிட்டா. கிட்னி. பிள்ளைங்க கிடையாது. அவ போன மறு வாரம் ஒரு நாள் சாயங்காலம் அஞ்சரைக்கு எங்க வீட்டுக்கு வந்தான். என் மீன் தொட்டி முன்னாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தான். ஜெகதா டீ குடுத்தா. குடிச்சான். ஏழு மணிக்கு எழுந்து போனான். மறுநாளும் வந்தான். அதுக்கு மறுநாளும். எட்டு வருஷம் சார். மழை, வெயில், கொரோனால கொஞ்ச நாள் நீங்கலா, அஞ்சரைன்னா சகாயம். நாங்க பெருசா ஒண்ணும் பேசிக்க மாட்டோம். ஒரு மீனைக் காட்டி, "அந்தக் குண்டன் இன்னிக்கு ஓரமாவே இருக்கான்டா"ம்பான். "அவனுக்கு அப்பப்போ அப்படித்தான்"ம்பேன். அந்தப் பேச்சுக்குத்தான் நான் பகல் முழுக்கக் காத்துக்கிட்டிருப்பேன். இதை அவன்கிட்ட சொன்னதில்ல. ஆம்பளைங்க சொல்லிக்கிற விஷயமா இது?

அவனுக்கு மீன் வளர்க்கத் தெரியாது. தொட்டி வாங்கிக் குடுக்கறேன்னு நான் எத்தனையோ தடவை சொன்னேன். "வேணாம்டா, என் கை பட்டா எதுவும் தங்காது. இங்க வந்து பார்த்தாப் போதும்"னுட்டான். பார்க்கட்டும்னுதான் நானும் இருந்தேன். என் தொட்டியைப் பத்தி ஒருத்தன் குறை சொல்ல முடியாது. மூணடி தொட்டி. அடியில வெள்ளை வெளேர்னு மார்பிள் கல்லு. மேல ட்யூப் லைட்டு, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். வாரா வாரம் மொத்தத் தண்ணியையும் எடுத்துட்டு, கல்லைத் தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி விடுவேன். ஒரு பாசி இருக்காது. மீனு கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். அது அந்த ஜாதிக்கு அவ்வளவுதான் நிறம்னு நான் நினைச்சிருந்தேன்.

அப்போதான் ரெண்டாவது மாடிக்கு முரளிதரன் வந்தான். கோயம்புத்தூர்க்காரன். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், தனி ஆளு, ஏதோ பம்ப்பு கம்பெனில ஆபீசரு. வாய்க்கு வாய் "ங்க" போடுவான். "சார், சாப்ட்டீங்களாங்க, மோட்டார் போட்டாச்சுங்களா." மீனைக்கூட "வாங்க, சாப்பிடுங்க"ன்னுதான் கூப்பிடுவான், என் காதால கேட்டேன். அவனும் தொட்டி வெச்சிருந்தான். அவனும் இதே செர்ரி பார்ப். பதினாலு.

ஒரு நாள் மெயின்டனன்ஸ் விஷயமா அவன் வீட்டுக்குப் போனேன், அப்போ பார்த்தேன் அந்தத் தொட்டியை. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. அடியில கறுப்பு மண்ணு. செடிங்க காடு மாதிரி. வாசல்ல விழற பாதாம் மரத்து இலை இருக்கே, பெருக்கித் தள்ளற சருகு, அதைப் பொறுக்கி உள்ள போட்டிருக்கான். தண்ணி டிக்காஷன் கலர்ல இருக்கு. லைட்டு மினுக் மினுக்னு. அட ஆண்டவனே, இது தொட்டியா, கூவமான்னு நினைச்சேன். சகாயத்துக்கிட்ட சொன்னேன், "வாடா, ஒரு கூத்து காட்டறேன். இப்படியும் மீன் வளர்க்கிறாங்க பாரு"ன்னு. நானே கூட்டிட்டுப் போனேன் சார். வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்.

சகாயம் குனிஞ்சு பார்த்தான். முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் அந்தச் செடிக்குப் பின்னாடிலேர்ந்து ஒண்ணு வந்துச்சு. என்ன சொல்றது உங்களுக்கு? மாதுளம் முத்து இருக்கே, அந்தச் சிவப்பு. அது பின்னாடி இன்னொண்ணு. ரெண்டும் துடுப்பை விரிச்சுக்கிட்டு ஒண்ணை ஒண்ணு சுத்தி வருது, சண்டையில்ல, சும்மா அழகு காட்டுது. பொட்டை மீனுங்க ஓரமா நின்னு வேடிக்கை பார்க்குது. சகாயம் வாயைத் திறந்தான் சார். எட்டு வருஷமா என் தொட்டி முன்னாடி உக்காந்தவன், ஒரு நாள் வாயைத் திறந்ததில்ல. "டேய் கோதண்டம், இதுவா அது? உன் வீட்ல இருக்கிறதும் இதுவா?"ன்னான்.

அந்த "இதுவா" இருக்கு பாருங்க. அதை நான் இன்னும் ஜீரணம் பண்ணல.

முரளி சொல்றான், "சாரோட மீனுக்கும் இந்த நிறம் வருங்க. அடியில கறுப்பு மண்ணு போட்டு, கொஞ்சம் இருட்டா வெச்சுப் பாருங்க. தண்ணியையும் மொத்தமா மாத்தாதீங்க. வெளிச்சத்துல அதுங்க பயந்துக்கிட்டு இருக்குதுங்க"ன்னு. பயமா? யாரைப் பார்த்து? பதினோரு வருஷமா வேளாவேளைக்குச் சோறு போடற என்னைப் பார்த்தா? நான் சிரிச்சிக்கிட்டே, "ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழக்கம்"னுட்டு வந்துட்டேன். ஆனா மூஞ்சி தொங்கிப் போச்சுன்னு ஜெகதா சொன்னா. கலருக்கு ஏதோ மருந்து போடறான்டான்னு சகாயத்துக்கிட்ட சொன்னேன். "போடலன்னு சொன்னானே"ன்னான். பாருங்க, அதுக்குள்ள கேட்டிருக்கான். எப்போ கேட்டான்? நான் இல்லாதப்போ எப்போ பார்த்தான்?

அப்புறம் என்ன ஆச்சு? முதல்ல அஞ்சரை ஆறாச்சு. ஆறு ஆறரையாச்சு. வருவான், வாட்ச்சைப் பார்ப்பான், "முரளி இன்னிக்கு மீனுக்குப் புழு போடறேன்னான், ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்"ம்பான். ஒரு எட்டுன்னா ஒண்ணரை மணி நேரம். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தான். அப்புறம் சுத்தமா நின்னுபோச்சு. குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தன் முதல் மாடியில உக்காந்திருக்கேன், என் வாசலைத் தாண்டி அவன் மேல ஏறிப் போறான். அவன் நடை எனக்குத் தெரியும் சார். இடது கால் லேசா இழுத்து வெப்பான். அந்தச் சத்தம் என் வாசல்ல ஒரு நொடி நிக்கும், அப்புறம் மேல போகும். ஜெகதா அஞ்சரைக்கு மூணு டீ போட்டுட்டு, ஒண்ணைத் திரும்பப் பாத்திரத்துல ஊத்துவா.

"உள்ள கூப்பிடறதுதானே? கதவைத் திறந்து ‘வாடா’ன்னா வரப்போறாரு"ம்பா. நான் ஏன் கூப்பிடணும்? எட்டு வருஷமா யாரு கூப்பிட்டு வந்தான்?

"முரளியோட போட்டி போடாதீங்க. நீங்களும் மேல போய் உக்காருங்க. மூணு பேருமா பாருங்க. மீனு என்ன குறைஞ்சா போயிடும்?"

"அந்தச் சருகுத் தண்ணியைப் பார்க்கவா? எனக்கு வேற வேலையில்ல?"

"வயித்தெரிச்சல்"னா. ஜபம் அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது.

நானும் சும்மா இருக்கல. கறுப்பு மண்ணு வாங்கிட்டு வந்தேன். யாருக்கும் தெரியாம பாதாம் இலை பொறுக்கினேன். அறுபத்து மூணு வயசுல, விடியக்காலையில தெருவுல குனிஞ்சு இலை பொறுக்கறேன். அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. முரளி பார்த்தா, தான் சொல்லித்தான் செஞ்சேன்னு நினைப்பானே? எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டு மறுபடி மார்பிளைக் கழுவி வெச்சேன்.

இப்போ அந்த சனிக்கிழமைக்கு வர்றேன். சம்ப்பு கழுவி ப்ளீச்சிங் பவுடர் போடற வேலை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. எங்களுக்கு போர்வெல் தண்ணி. சாதாரணமா அதுல மருந்து ஒண்ணும் கிடையாது, குழாய்லேர்ந்து பிடிச்சு நேரா மீன் தொட்டியில ஊத்தலாம். ப்ளீச்சிங் போட்ட அன்னிக்கு மட்டும் ஊத்தக் கூடாது. மனுஷனுக்கு மூக்கு எரியும், மீனுக்கு உசிரே போயிடும். சனிக்கிழமை மத்தியானம் நோட்டீஸ் ஒட்டினேன். நாளைக்கு சம்ப்பு கழுவறாங்க, இன்னிக்கே தண்ணி பிடிச்சு வெச்சுக்கோங்கன்னு. ஒட்டினேன் சார். அதுல சந்தேகமே வேணாம். சாயங்காலம் வீடு வீடா போய்ச் சொன்னேன். பதினோரு வீட்டுக்கும் தகவல் போயிடுச்சு, என் வீட்டையும் சேர்த்து.

முரளி வீடு பூட்டியிருந்துச்சு.

அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். ஜெகதாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "நான் கேக்கவே இல்லையே, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற மாதிரி நீங்களா ஏன் சொல்றீங்க?"ன்னா.

பூட்டல. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. பூட்டல சார். கதவு சாத்தியிருந்துச்சு, உள்ள வெளிச்சம் இருந்துச்சு. வாசல்ல சகாயம் செருப்பு கிடந்துச்சு. உள்ள சிரிச்சான். சகாயம் சிரிக்கிறான். லூர்து போனதுலேர்ந்து அவன் அப்படிச் சத்தமா சிரிச்சு நான் கேட்டதில்ல. எட்டு வருஷம் என் வீட்ல உக்காந்திருந்தான், ஒரு புன்சிரிப்பு, அவ்வளவுதான். இங்க என்னடான்னா பில்டிங் அதிர சிரிக்கிறான். பெல் மேல விரலை வெச்சேன். வெச்ச விரலை எடுத்தேன். தொண்டையைச் செருமிக்கிட்டு, இறங்கி வந்துட்டேன். நோட்டீஸ்தான் ஒட்டியிருக்கே, படிக்கத் தெரிஞ்சவன்தானே, ஆபீசருதானேன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து என் ட்ரம்மு நிறையத் தண்ணி பிடிச்சு மூடி வெச்சேன்.

மீன் சாகணும்னு நினைச்சேனா? இல்ல சார். சத்தியமா இல்ல. கொஞ்சம் வெளிறட்டும்னு வேணா நினைச்சிருப்பேன். முரளி முகத்துல கொஞ்சம் சுணக்கம் வரட்டும், சகாயம் பார்க்கட்டும். அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி வண்டிக்கு முரளி ஊருக்குப் போயிட்டான், அவங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு. அது எனக்குத் தெரியாது. சாவியை சகாயத்துக்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கான். "ஞாயித்துக்கிழமை ரெண்டு பக்கெட் தண்ணி எடுத்துட்டு ரெண்டு பக்கெட் புதுசு ஊத்துங்க, போதுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். என் கை பட்டா எதுவும் தங்காதுன்னு எட்டு வருஷம் ஒதுங்கி இருந்தவனை, "உங்க கைக்கு ஒண்ணும் இல்லைங்க, நீங்களே ஊத்துங்க"ன்னு சொல்லியிருக்கான். அதுக்குத்தான் அந்தச் சிரிப்பாம். அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிச்சு நேரா வந்து ஊத்தியிருக்கான்.

மத்தியானம் எங்க வீட்டு பெல் அடிச்சுது. திறந்தா சகாயம். கையில பிளாஸ்டிக் மக்கு. தண்ணி தளும்பி சட்டையெல்லாம் ஈரம். "டேய் கோதண்டம், ரெண்டுதான்டா இருக்கு. உன் தொட்டியில விடுடா, சீக்கிரம் விடுடா"ங்கறான். மக்குக்குள்ள ரெண்டு மீனு வாயைப் பிளந்துக்கிட்டு மேல மிதக்குது. அந்த நேரத்துல, சார், என் மனசுல முதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? ஐயோன்னு வரல. வந்துட்டான்னு வந்துச்சு. நாப்பது நாள் கழிச்சு சகாயம் என் வீட்டு வாசல்ல நிக்கறான். வந்துட்டான். அதுதான் முதல்ல வந்துச்சு. என்ன ஜென்மம் நானு?

மீனை விட்டேன். ரெண்டும் பொழைச்சுது. சகாயம் அந்த நாற்காலில உக்காந்து தலையைப் பிடிச்சுக்கிட்டான். "பன்னெண்டு போச்சுடா. என் கண்ணு முன்னாடி ஒண்ணொண்ணா போச்சு. நான் சொன்னேன் அவன்கிட்ட, என் கை வேணாம்னு சொன்னேன். லூர்துக்கும் நான்தானே தண்ணி ஊத்தினேன் கடைசியா..." ஜெகதா அழுதுட்டா. நானும் அவன் தோள்ல கை வெச்சேன். வெச்சப்புறம்தான் அவன் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் கண்ணு என் ட்ரம்மு மேல போச்சு.

"ஏன்டா தண்ணி பிடிச்சு மூடி வெச்சிருக்கே?"

"இன்னிக்கு சம்ப்புல ப்ளீச்சிங்டா."

"எப்போ சொன்னே?"

"நேத்து. நோட்டீஸ் ஒட்டினேன்."

அவன் என்னைப் பார்த்தான். நோட்டீஸான்னு கேக்கல. பெல் அடிச்சியான்னு கேக்கல. ஜெகதா டீ கொண்டாந்து வெச்சா. அதைத் தொடாம எழுந்து, இடது காலை இழுத்துக்கிட்டு இறங்கிப் போயிட்டான். அன்னிக்குப் போனவன்தான்.

செவ்வாய்க்கிழமை முரளி வந்தான், அந்த ரெண்டு மீனைப் பார்க்க. நான் சண்டைக்குத் தயாரா இருந்தேன். செகரட்டரிங்கற முறையில நோட்டீஸ் ஒட்டியாச்சுன்னு சொல்ல வாயில வெச்சிருந்தேன். அவன் சண்டையே போடல சார். "சகாயம் சார்தான் பாவங்க. ப்ளீச்சிங்னு தெரியாம ஊத்திட்டேன், எல்லாம் என் தப்புன்னு ஒரே அழுகைங்க. மீனு போனாப் போகுதுங்க, அவரு மனசுதான் போச்சு"ன்னான். அப்புறம் கிளம்பறப்போ கேட்டான், "சனிக்கிழமை நீங்க மேல வந்துட்டுத் திரும்பிப் போயிட்டீங்களாங்க?"ன்னு.

ஏன்னு கேட்டேன்.

"இல்லைங்க, வாசல்ல யாரோ செருமற சத்தம் கேட்டுதுங்க. சகாயம் சார் உடனே, ‘கோதண்டம்தான், வந்துட்டான், எனக்குத் தெரியும் வருவான்னு’ன்னாரு. ஓடிப்போய் மூணாவது டம்ளர் எடுத்துட்டு வந்து டீ ஊத்தி வெச்சாருங்க. பெல் அடிக்கட்டும், அவனா பெல் அடிச்சு வரட்டும்னு உக்காந்திருந்தோம். ஆறிப்போச்சுங்க. வேற யாரோன்னு விட்டுட்டோம்."

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லல. அவனுக்கு நம்ம பில்டிங் பழக்கமே இன்னும் சரியாத் தெரியாது. ஆனா சகாயத்துக்குத் தெரியும். எனக்கு பெல்லுதான் நோட்டீஸுன்னு சகாயத்துக்குத் தெரியும். மோட்டார் ரிப்பேர் அன்னிக்கெல்லாம் என்கூடவே ஏறி இறங்கி பெல் அடிச்சவன் அவன். எல்லாம் தெரிஞ்சும் முரளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. தன் தப்புன்னு சொல்லி அழுதிருக்கான். என்னைக் காட்டிக் குடுக்கல சார்.

அதுலேர்ந்து அவன் எங்க வீட்டுக்கும் வர்றதில்ல, முரளி வீட்டுக்கும் வர்றதில்ல. அஞ்சரை மணி சும்மா வருது, சும்மா போகுது. முரளிதான் தினம் அவன் வீட்டுக்குப் போறான். இட்லி வாங்கிட்டுப் போறான். உக்காந்து பேசறான். நான் போக முடியுமா? என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்? எனக்குப் பொறாமையே கிடையாது, ஆனா முரளி கையில இட்லிப் பொட்டலத்தோட தெருவைத் தாண்டறப்போ எனக்கு எப்படி இருக்குன்னா... விடுங்க. எரியுது. எரியத்தான் எரியுது. சொல்லிட்டேன்.

அதான் கொளத்தூர். முதல் ஞாயித்துக்கிழமை ஆறு வாங்கினேன். ரெண்டு ஆணு, நாலு பொண்ணு. முரளிகிட்ட குடுத்துட்டு, விஷயத்தையும் சொல்லிட்டு வந்துடலாம்னு. ரெண்டாவது மாடி வரைக்கும் ஏறினேன். வாய் வரல. இறங்கி வந்து என் தொட்டியிலயே விட்டுட்டேன். போன ஞாயித்துக்கிழமையும் அதேதான். என்னுது எட்டு, பொழைச்சது ரெண்டு, வாங்கினது பன்னெண்டு. இப்போ எண்ணிப் பார்த்தா இருபத்திரெண்டு. ஜெகதா கேக்கறா, "இது மீன் தொட்டியா, ஷேர் ஆட்டோவா?"ன்னு. இன்னிக்கு எப்படியும் குடுத்துடணும். குடுத்து, சொல்லிடணும். சொன்னாத்தான் சகாயம் கை மேல இருக்கிற பழி போகும். சொன்னா பில்டிங்ல என் மானம் போகும், அது வேற. சகாயம் என்ன நினைப்பான்னுதான்... அவன்தான் ஏற்கனவே நினைச்சாச்சே.

ஒரு நிமிஷம் சார். போன். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. அசைக்காதீங்க.

ஹலோ... ஹலோ? டேய், சகாயமா? ... பஸ்ல. ... ஆமா, கொளத்தூர்லேர்ந்துதான். ... எங்கே? எங்க வீட்லயா? ... எப்போ வந்தே? ... இருடா, ஜெகதா இருக்காளா, டீ குடுத்தாளா? ... ஆமாடா, இருபத்திரெண்டு. ... தெரியும், நெரிசலாத்தான் இருக்கு. ... என்ன? ... யாரு? ... அவன் எதுக்கு? ... சரி. ... சரிடா. ... வர்றேன்.

குடுங்க சார் பையை. தேங்க்ஸ்.

சகாயம்தான். என் வீட்ல உக்காந்திருக்கான். ஒரு மாசம் கழிச்சு வந்திருக்கான் சார்! இருபத்திரெண்டையும் எண்ணிட்டு உக்காந்திருக்கான். எதுக்கு இத்தனை மீனு வாங்கினேன்னு எண்ணினவுடனேயே புரிஞ்சுபோச்சுங்கறான். ஆனா தனியா வரல. முரளியையும் கூட்டிட்டு வந்திருக்கான். நான் கேட்டேன்ல, அவன் எதுக்குன்னு. என்ன சொன்னான் தெரியுமா? "நான் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. மாடி ஏறத்தானே உனக்கு முடியல, அதான் கீழ கூட்டிட்டு வந்திருக்கேன். வா"ன்னு வெச்சுட்டான்.

தனியா வந்திருந்தா என்ன சார்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் மட்டும் வந்திருக்கக் கூடாதா? நாங்க ரெண்டு பேருமா பேசித் தீர்த்துக்க மாட்டோமா?

இல்ல, பேசியிருக்க மாட்டோம். "குண்டன் இன்னிக்கு ஓரமா இருக்கான்"னு சொல்லியிருப்பான், நானும் ஆமான்னிருப்பேன். அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

என்ன பார்க்கறீங்க? ஆமா, அந்த மெடிக்கல் ஷாப்பு, பிள்ளையார் கோயிலு, அதான் என் ஸ்டாப்பு. போயிடுச்சு. பேச்சு சுவாரஸ்யத்துல விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. கண்ணால பார்த்துக்கிட்டேதான் விட்டேன். கண்டக்டர்! அடுத்த ஸ்டாப்புல ஒருத்தர் இறங்கணும்பா. அங்கேருந்து நடந்தா இருபது நிமிஷம். இருபது நிமிஷத்துல ஒரே ஒரு வரி மனப்பாடம் பண்ணணும், அவ்வளவுதானே? ‘முரளி, சகாயம் கையில தப்பில்ல, நான்தான்.’ உங்ககிட்ட சொல்ல வந்துச்சு பாருங்க, தடுமாறாம வந்துச்சு. இதையே அங்க போய்ச் சொல்லணும், சகாயம் முகத்தைப் பார்த்துக்கிட்டே. கொஞ்சம் காலை நகர்த்துங்க சார், இறங்கிக்கறேன்.